கூட நிற்பவருக்கு: ஆசிட் வீச்சு வழக்கில் முதல் அரை மணி முதல் மேல்முறையீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாரத்துக்கு ஒருமுறை தெருவுக்குள் ஒரு மொபெட் வரும். இரண்டு பக்கமும் கேன் தொங்கும். "ஆசிட்... பினாயில்..." என்ற குரல் கேட்டதும் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவோம். அவர் நம் பெயரைக் கேட்பதில்லை. எதற்கு வாங்குகிறோம் என்றும் கேட்பதில்லை. வாங்குபவரின் பெயர், முகவரி, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதாமல், அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்காமல் ஆசிட் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்றே உத்தரவிட்டுவிட்டது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது. ஆனாலும் கேன் தொங்கும் வண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. கழிவறை கழுவ வாங்கும் அதே திரவம்தான் ஒரு முகத்தின் மேலும் வீசப்படுகிறது.

இந்த வழிகாட்டியைத் தாக்கப்பட்டவருக்காக நான் எழுதவில்லை. முதல் சில வாரங்கள் அவரால் கண்ணைத் திறக்க முடியாமல் போகலாம், பேனா பிடிக்க முடியாமல் போகலாம், வாய் திறந்து பேச முடியாமலும் போகலாம். அப்போது கூட நிற்கும் அண்ணனுக்கும் சித்திக்கும் தோழிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான் எழுதுகிறேன். இத்தகைய வழக்கில் நீதி பெரும்பாலும் நீதிமன்றத்தில் தோற்பதில்லை. அதற்கு வெகுமுன்பே, யாரும் கேட்டு வாங்காத ஒரு தாளிலோ எடுத்து வைக்காத ஒரு துணியிலோ தோற்றுவிடுகிறது. அந்தத் தாள்களையும் துணியையும் காப்பது கூட நிற்பவரின் வேலை.

படி 1: தண்ணீர், தண்ணீர், தண்ணீர்

சட்டத்துக்கு முன்னால் தண்ணீர். ஆசிட் பட்ட இடத்தில் குழாயைத் திறந்து, ஓடும் சுத்தமான தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு ஆட்டோ தேடி ஓடாதீர்கள். 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் ஊற்றினால் இன்னும் நல்லது. ஆசிட் தோலில் இருக்கும்வரை அரித்துக்கொண்டே உள்ளே இறங்கும். தண்ணீர் அதை நீர்த்துப்போக வைத்து அடித்துக்கொண்டு போகும். கண்ணில் பட்டிருந்தால் இமையை விலக்கிப் பிடித்துக் கழுவுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பட்டிருந்தால் அந்தக் கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, தண்ணீர் மறு கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நனைந்த உடை, வளையல், தோடு, தாலிக்கொடி, செருப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்க வேண்டாம். அதைச் சுற்றி வெட்டிவிட்டு அப்படியே விடுங்கள். உங்கள் கையில் கையுறையோ தடித்த பிளாஸ்டிக் பையோ இருக்கட்டும். மஞ்சள், பற்பசை, இங்க், எண்ணெய், தோசை மாவு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் தடுத்துவிடுங்கள். சமையல் சோடா போட்டால் ஆசிட் முறிந்துவிடும் என்று சொல்பவரையும் தடுங்கள். அந்த வினையில் வெப்பம் கிளம்பிக் காயம் இன்னும் ஆழமாகும். துடைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் 108-க்கும் 112-க்கும் பேசட்டும்.

படி 2: மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போங்கள். அரசு மருத்துவமனையா, தனியாரா என்று யோசித்து நேரத்தை இழக்க வேண்டாம். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவுப்படி, ஆசிட் தாக்குதலுக்கு ஆளானவருக்கு எல்லா மருத்துவமனைகளும் உடனடியாகவும் இலவசமாகவும் முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும், காவல் துறைக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும். தர மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். "முன்பணம் கட்டுங்கள்", "போலீஸ் வந்தால்தான் சேர்ப்போம்" என்று கவுன்டரில் யாராவது சொன்னால் குரலை உயர்த்தாமல் இந்த இரண்டு பிரிவு எண்களைச் சொல்லுங்கள். சட்டம் தெரிந்தவர் என்று தெரிந்தாலே பல கவுன்டர்களில் பேச்சு மாறும்.

2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்தது. முதலுதவியோடு கடமை முடிந்துவிடாது. மருந்து, உணவு, படுக்கை, பிறகு தேவைப்படும் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை எல்லாமே இதில் அடங்கும், தனியார் மருத்துவமனைகளும் இதற்குக் கட்டுப்பட்டவை என்று சொன்னது. அதே உத்தரவில் ஒரு தாளைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனை, இவர் ஆசிட் தாக்குதலுக்கு ஆளானவர் என்று ஒரு சான்றிதழ் தர வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறு ஊரில் வேறு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போதும், அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அதோடு ஏ.ஆர். காப்பி என்று வழக்கத்தில் சொல்லப்படும் விபத்துப் பதிவேட்டு நகலையும் காயச் சான்றிதழையும் கேளுங்கள். ஏ.ஆர். காப்பியில் "தீக்காயம்" என்று மட்டும் எழுதியிருந்தால், ஆசிட் வீசப்பட்டதால் உண்டான காயம் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் விடுபட்டால், பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசுவார்.

முதல் நிலையில் உயிர் தேறியதும், தீக்காயத்துக்கும் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைக்கும் தனிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு இதற்குப் பெயர் பெற்றது.

படி 3: எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர். அல்ல

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் போனால் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். "விசாரிச்சுட்டுச் சொல்றோம்மா, போயிட்டு நாளைக்கு வாங்க" என்பார்கள். ஆசிட் வழக்கில் இதை ஏற்காதீர்கள். முதற்கட்ட விசாரணை என்று 14 நாள் எடுத்துக்கொள்ளப் புதிய சட்டம் இடம் தருவது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். ஆசிட் குற்றம் அந்த வரம்புக்குள் வராது. உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

"இது எங்க எல்லை இல்லை" என்ற பதிலும் செல்லாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் அவர் சொல்வதைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ உடல் முடியாத நிலையில் இருந்தால் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து, வீடியோவில் பதிவு செய்துகொண்டு எழுத வேண்டும். ஆகவே கட்டுப்போட்ட முகத்தோடு யாரையும் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வார்டுக்கே வரச் சொல்லுங்கள்.

பதிய மறுத்தால் எழுத்து மூலமாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிட் குற்றம் பற்றிய தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவுப்படி 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மிகச் சில குற்றங்களுக்குத்தான் சட்டம் இப்படி அதிகாரியின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறது.

புகாரில் மூன்று விஷயங்கள் விடுபடக் கூடாது. முதலாவது, வீசியவரோடு வந்த எல்லோரும். வண்டி ஓட்டியவர், ஆசிட் வாங்கித் தந்தவர், "போய் ஊத்துடா" என்று ஏவியவர் என எல்லோருமே குற்றத்தில் பங்காளிகள். இரண்டாவது, இதற்கு முன்பு வந்த மிரட்டல்கள்: தேதி, இடம், வாட்ஸ்அப் செய்தி, பின்தொடர்ந்து வந்த நாட்கள். மூன்றாவது, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, தாக்கியவர் அந்தச் சமூகங்களைச் சேராதவர் என்றால் அதையும் சாதிச் சான்றோடு எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், எதிரிக்கு முன்ஜாமீன் கிடைப்பது கடினமாகும், அந்தச் சட்டத்தின் நிவாரணமும் தனியாகக் கிடைக்கும்.

புகாரிலும் பேட்டியிலும் "ஒருதலைக் காதல்" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். செய்தித்தாள்கள் பழக்கத்தால் அப்படி எழுதுகின்றன. வேண்டாம் என்று சொன்னவரின் முகத்தை அழிக்கத் திட்டமிட்டு, ஆசிட் வாங்கி, காத்திருந்து வீசியதற்கும் காதலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தச் சொல் குற்றத்தை ஏமாற்றத்தின் கதையாக மாற்றிவிடுகிறது. அதோடு சொத்துத் தகராறு, வரதட்சணை, குடும்பப் பகை, பழிவாங்கல் என்றும் இந்தத் தாக்குதல்கள் நடக்கின்றன, ஆண்களும் இதற்கு ஆளாகிறார்கள்.

படி 4: எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பிரிவு எண்ணைத்தான். 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த தாக்குதல் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 124-ஆம் பிரிவு இருக்க வேண்டும். அதற்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 326 ஏ அல்லது 326 பி.

124-இல் இரண்டு உட்பிரிவுகள். ஆசிட்டால் காயமோ ஊனமோ உருவச் சிதைவோ ஏற்படுத்தினால் முதல் உட்பிரிவு. 10 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம், அபராதமும் உண்டு. அந்த அபராதம் சிகிச்சைச் செலவுக்கு ஏற்ற நியாயமான தொகையாக இருக்க வேண்டும், அது அரசு கஜானாவுக்குப் போகாமல் பாதிக்கப்பட்டவருக்கே தரப்பட வேண்டும். வீசியும் படாமல் போனால், அல்லது வீச முயன்றால் இரண்டாவது உட்பிரிவு: 5 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை, அபராதமும். குறைந்தபட்சம் என்று சட்டம் எழுதிவைத்த ஆண்டுக்குக் கீழே நீதிபதியால் இறங்க முடியாது. இரண்டுமே ஜாமீனில் விட முடியாத குற்றங்கள், இரண்டையும் அமர்வு நீதிமன்றம்தான் விசாரிக்கும்.

"ஆசிட்" என்றால் வேதியியல் பாடத்தில் படித்த அமிலம் மட்டுமல்ல. அரிக்கும் தன்மையோ எரிக்கும் தன்மையோ கொண்டு தழும்பு, உருவச் சிதைவு, தற்காலிகமான அல்லது நிரந்தரமான ஊனம் உண்டாக்கக்கூடிய எந்தப் பொருளும் அதில் அடங்கும். சாக்கடை அடைப்பு நீக்கும் காரத் தூளைக் கரைத்து ஊற்றினாலும் இதே பிரிவுதான். காயம் இனிமேல் சரியாகவே ஆகாது என்று நிரூபிக்கவும் தேவையில்லை. "பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணி முகம் தேறிடுச்சே" என்ற வாதம் இதனால்தான் எடுபடாது.

பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் கொலைப் பிரிவு, அதாவது 103: மரண தண்டனை அல்லது ஆயுள். உயிரோடு இருந்தாலும் தாக்குதலின் தன்மையைப் பொறுத்துக் கொலை முயற்சிப் பிரிவான 109-ஐயும் சேர்க்கச் சொல்லலாம்.

இந்தப் பிரிவுகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், காரணம் இதில் தமிழர்களுக்கு மறக்க முடியாத ஒரு பெயர் உண்டு. 2013 வரை ஆசிட் வீச்சுக்கு என்று தனிப் பிரிவே இல்லை. கொடுங்காயம் என்ற பொதுப் பிரிவில்தான் வழக்கு ஓடும், அதில் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. 1992-இல் சென்னையில் ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்திரலேகா மீது ஆசிட் வீசப்பட்டபோதும் அதே நிலைமைதான். இமாச்சலப் பிரதேசத்தில் 2004-இல் ஒரு கல்லூரி மாணவி மீது ஆசிட் ஊற்றிய இருவருக்கு உயர் நீதிமன்றம் தண்டனையை 5 ஆண்டாகக் குறைத்தது. அதே வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தும் ஆண்டுகளைக் கூட்டவில்லை, இழப்பீட்டை மட்டும் கூட்டியது. 2012 நவம்பரில் காரைக்காலில், சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்த விநோதினி தாக்கப்பட்டார். பார்வையை இழந்து, மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரி 12 அன்று இறந்தார். 326 ஏ, 326 பி என்ற புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது அதற்கு ஒன்பது நாள் முன்பு, பிப்ரவரி 3 அன்று. குற்றச் சட்டம் பின்னோக்கிப் பாயாது என்பதால் அவருக்கு அந்தப் பிரிவுகள் உதவவில்லை. தாக்கியவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது கொலை வழக்கில்தான். அதே ஆண்டு மே மாதம், கடற்படை மருத்துவமனையில் செவிலியராகச் சேர மும்பை பாந்த்ரா ரயில் நிலையத்தில் வந்திறங்கிய ஓர் இளம்பெண் மீது ஆசிட் வீசப்பட்டது. ஒரு மாதத்தில் அவரும் இறந்தார். 2016-இல் சிறப்பு நீதிமன்றம் தந்த மரண தண்டனையை மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் ஆயுளாகக் குறைத்தது.

தமிழ்நாட்டு வழக்குகளுக்கு ஒரு குறிப்பு. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. சம்பவம் நடந்த தேதிக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 5: சாட்சியத்தைக் காப்பது

கழற்றிய துணியைத் துவைத்துவிடாதீர்கள். வீட்டில் பாட்டி நல்ல எண்ணத்தோடு முதலில் செய்வது அதைத்தான். தொடாமல் குச்சியால் எடுத்துத் தனியாக ஒரு கண்ணாடிப் பாத்திரத்திலோ வாளியிலோ வைத்துவிட்டு, போலீஸார் வந்ததும், கைப்பற்றிய பொருட்களைப் பதியும் மகஜரில் எழுதவைத்து ஒப்படையுங்கள். பாட்டில், மூடி, சொட்டு விழுந்த தரை, கருகிய சுவர் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடியுங்கள். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு. வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். எதிர்ப்புறக் கடையின் சி.சி.டி.வி. பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். போலீஸார் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் கடைக்காரரிடம் போய், அந்த நாளின் பதிவை அழியாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

நிலைமை மோசம் என்று டாக்டர் சொன்னால், மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் பதிய ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பேசுபவர் சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். கேட்கவே மனம் பதறும் விஷயம் இது. ஆனால் இறந்தவரின் சொல்லை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தாள் இது.

படி 6: இழப்பீடு, வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். தீர்ப்பு வந்த பிறகுதான் பணம் என்று நினைக்கிறார்கள். அரசு தரும் இழப்பீட்டுக்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை. எதிரி யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் எதிரிக்கு விதிக்கும் அபராதம் வேறு, இது வேறு. இரண்டும் கிடைக்கும்.

லக்ஷ்மி என்ற சிறுமி 2005-இல், 15 வயதில், தில்லியில் தாக்கப்பட்டார். அவர் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 2013-இல் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சம் 3 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. சம்பவம் தெரிய வந்த 15 நாளுக்குள் 1 லட்சம், அடுத்த இரண்டு மாதத்துக்குள் மீதி 2 லட்சம். பிறகு தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கென வகுத்த திட்டம் 2018 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம், காயம் 50 விழுக்காட்டுக்கு மேல் என்றால் 5 முதல் 8 லட்சம், 50-க்குக் கீழ் என்றால் 3 முதல் 5 லட்சம், 20-க்குக் கீழ் என்றால் 3 முதல் 4 லட்சம். உயிரிழப்பு என்றால் 5 முதல் 10 லட்சம். பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து தனியாக 1 லட்சமும் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் மாநில அரசின் பொது இழப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ ஆவணங்கள், அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றோடு போங்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் காவல் துறையே அதன் நகலை இந்த ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினார்களா என்று முதல் நாளே கேளுங்கள். இடைக்கால நிவாரணத்தைத் தனியாக, உடனே கேளுங்கள், முழு இழப்பீட்டோடு சேர்த்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தொகை குறைவு என்று தோன்றினால் மாநில ஆணைக்குழுவுக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மருத்துவச் சான்றில் காயத்தின் விழுக்காடு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் லட்சங்கள் மாறுகின்றன. முகச் சிதைவைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முகம் உடம்பில் சிறு பங்குதான். விழுக்காட்டை மட்டும் எழுதினால் முகம் முழுக்கச் சிதைந்தவர்கூட 20-க்குக் கீழ் என்ற வரிசையில் போய் விழுந்துவிடுவார்.

எட்டு லட்சம் பெரிய தொகை போலத் தெரியும். ஆனால் சீரமைப்பு அறுவைச் சிகிச்சைகள் ஆண்டுக்கணக்கில் தொடரும். கழுத்துத் தோல் சுருங்கி நெஞ்சோடு இழுக்காமல் இருக்கப் பயிற்சியும், மாதக்கணக்கில் நாள் முழுக்க அணியும் இறுக்க உடையும், ஊருக்கும் மருத்துவமனைக்கும் அலையும் பேருந்துக் கட்டணமும், வேலைக்குப் போகாத அம்மாவின் கூலியும் அதில்தான் அடங்க வேண்டும். என் கணிப்பில் இந்தத் தொகை போதாது. அதனால்தான் ஒவ்வொரு பில்லையும் எடுத்துவைக்கச் சொல்கிறேன். திட்டத்தில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக நீதிமன்றங்கள் தந்ததுண்டு. பீகாரைச் சேர்ந்த தலித் சகோதரிகள் இருவர் தொடர்பான வழக்கில் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 3 லட்சம் என்பது குறைந்தபட்சம்தான், உச்சவரம்பு அல்ல என்று சொல்லி ஒருவருக்கு 10 லட்சம் தரச் சொன்னது.

படி 7: வக்கீல், விசாரணை, சமாதானப் பேச்சு

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது அதே மாவட்ட ஆணைக்குழுவில் கேட்கலாம். வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர்தான், ஆனால் நம் தரப்பு வக்கீல் அவருக்குத் துணையாக இருக்க நீதிமன்றம் அனுமதிக்கும். தங்குமிடம், மனநல ஆலோசனை என்றால் 181-ஐ அழையுங்கள், மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் காவல் துறை சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். மிரட்டல் வந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு செய்யுங்கள். நீதிமன்றத்துக்கு நேரில் வர இயலாத நிலை என்றால் காணொலியில் சாட்சி சொல்ல அனுமதி கேளுங்கள்.

மிரட்டலைவிட ஆபத்தானது ஊர்ப் பெரியவர் கொண்டுவரும் சமாதானம். "பையன் வாழ்க்கையும் போச்சு, பொண்ணு வாழ்க்கையும் போச்சு, செலவை ஏத்துக்குறாங்க, முடிச்சுக்கலாம்" என்பார். சொந்தத்துக்குள் நடந்த தாக்குதல் என்றால் இந்தப் பேச்சு மாமா, பெரியப்பா வாயிலிருந்தே வரும். 124 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமே அல்ல. ஆகவே சமாதானம் என்பதற்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: சாட்சி கூண்டில் ஏறி மாற்றிச் சொல்வது. அதன்பின் எதிரி விடுதலையாவார், பேசிய பணம் பாதியில் நிற்கும். பெரியவரிடம் மரியாதையாக, "வழக்கு இப்ப அரசாங்கம் நடத்துறதுங்கய்யா, எங்க கையில இல்ல" என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட.

எதிரி விடுதலையானாலோ குறைவான பிரிவில் தண்டிக்கப்பட்டாலோ இழப்பீடு போதாவிட்டாலோ, அரசு மேல்முறையீடு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரே உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. தீர்ப்பு நாளிலேயே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள்.

படி 8: அடையாள அட்டை, வேலை, வங்கி

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆசிட் தாக்குதலுக்கு ஆளானவர்களை மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவக் குழு ஊனத்தை 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் மதிப்பிட்டால் அரசு வேலையில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு என்ற இட ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். "எனக்கென்ன ஊனமா?" என்று அவர் கேட்கலாம். அந்தக் கேள்வியில் உள்ள வலிக்கு நேரம் கொடுங்கள், வற்புறுத்தாதீர்கள், ஆனால் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.

வங்கியில் இன்னொரு சிக்கல் வரும். செல்போனில் கே.ஒய்.சி. செய்யும்போது கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். இமையே இல்லாதவர் எப்படிச் சிமிட்டுவார்? இழப்பீட்டுப் பணம் வந்து விழ வேண்டிய கணக்கையே திறக்க முடியாமல் போகும். பிரக்யா பிரசூன் என்பவர் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதிதான் என்று சொல்லி, கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகளை ஏற்பாடு செய்ய உத்தரவிட்டது. வங்கி ஊழியர் "சிஸ்டம் ஏத்துக்கலைங்க" என்றால், கிளை மேலாளரிடம் இந்த உத்தரவைச் சொல்லி நேரில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கோப்பு

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள், தண்ணீர் புகாத வகை. அதில் எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், ஆசிட் தாக்குதலுக்கு ஆளானவர் என்ற சான்றிதழ், டிஸ்சார்ஜ் சுருக்கம், பில்கள், இழப்பீட்டு விண்ணப்பத்தின் நகலும் அதற்கான ரசீதும், காயத்தின் தேதியிட்ட புகைப்படங்கள் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ் எடுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். எல்லாத் தாளையும் படம் பிடித்து அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் கடவுச்சொல் அவரிடமே இருக்கட்டும். இன்றைக்கு அவருக்காக நீங்கள் தூக்கிக்கொண்டு அலையும் இந்த ஃபைலை, கண்ணும் கையும் தேறியதும் அவர் கேட்பார். அப்போது கொடுத்துவிடுங்கள்.